தங்கச்சிமடம் தம்பிக்கு: மச்சானை நேவி பிடிச்சதுக்கு எங்க கேஸ் போடுறது?

தம்பி, மச்சானை இலங்கை நேவி பிடிச்சு 2 வாரமாச்சு, போட்ல வச்சே அடிச்சாங்க, மதுரை ஹைகோர்ட்ல கேஸ் போடலாமான்னு கேட்டிருக்கீங்க. போடலாம், ஆனா அந்த கோர்ட்டு நம்ம கவர்மென்ட்டைத்தான் ஏதாவது செய்யச் சொல்ல முடியும், அங்க உள்ள நேவியை ஒண்ணும் பண்ண முடியாது. அடிச்சதுக்கு அங்கதான் வழி இருக்கு. அவங்க அரசியலமைப்புல 11-வது பிரிவு யாரையும் சித்திரவதை பண்ணக்கூடாதுங்குது, "யாரையும்"னுதான் இருக்கு, குடிமக்கள்னு இல்ல, அதனால நம்மாளுக்கும் பொருந்தும். நம்ம இந்திய அரசியலமைப்புல உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு குடுக்குற 21-வது பிரிவும் அப்படித்தான், வெளிநாட்டுக்காரனுக்கும் உண்டு.

ஆனா ஒரு சிக்கல். இலங்கை அரசியலமைப்போட 126-வது பிரிவுல கொழும்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக 1 மாசம்தான் டைம், அதுவும் மச்சானே போடணும் இல்ல அவர் சார்பா வக்கீல் போடணும், நீங்க நேரா போட முடியாது. அந்த 1 மாசத்துக்குள்ள அங்க உள்ள மனித உரிமை ஆணைக்குழுல புகார் குடுத்துட்டா, விசாரணை நடக்குற நாளை கணக்குல சேர்க்க மாட்டாங்க. இங்க அடிப்படை உரிமைக்காக நம்ம சுப்ரீம் கோர்ட்டுக்குப் போற 32-வது பிரிவுல அப்படி நாள் கணக்கே கிடையாது, அந்த நெனப்புல இருந்துறாதீங்க.

யாழ்ப்பாணத்துல இந்தியத் துணைத் தூதரகம் இருக்கு, முதல்ல அங்க சொல்லி, ஆளைப் பாத்து காயத்தை டாக்டர்கிட்ட காட்டி பதிவு பண்ணச் சொல்லுங்க. தூதரக உறவு பத்தின 1963 வியன்னா ஒப்பந்தப்படி அவங்க போய்ப் பாக்கலாம். போட்டை மீட்குறது வேற கதை, அதை அப்புறம் பாப்போம்.