பல்லும் இல்லை, கூரும் இல்லை: அந்த இரும்பு வட்டு எதற்கு?

கேள்வி: பழைய கருவிகள் கிடந்த பெட்டி ஒன்றில், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்பு வட்டு ஒன்று கிடைத்தது. கவட்டை போன்ற பிடியில் அது தடையின்றிச் சுழல்கிறது. விளிம்பில் பற்களோ எண்களோ இல்லை. ஓரிடத்தில் மட்டும் அரத்தால் ராவியது போன்ற சிறு வெட்டு இருக்கிறது. இது மாவு வெட்டும் கருவியா, தோல் தைப்பவர்களுடையதா?

பதில்: இரண்டும் அல்ல. மாவு வெட்டும் சக்கரம் இவ்வளவு பெரிதாக இராது. அதன் விளிம்பு மெலிந்தோ நெளிந்தோ இருக்கும். தோலில் தையல் இடைவெளியைக் குறிக்கும் சக்கரத்துக்குப் பற்கள் இல்லாமல் முடியாது. உங்கள் விவரங்கள் அனைத்தும், மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்ட கொல்லர்களின் அளவுச் சக்கரத்துக்கே பொருந்துகின்றன. ஆங்கிலத்தில் இதை டிராவலர் என்பார்கள்.

பழுதுபோலத் தோன்றும் அந்த ஒற்றை வெட்டுதான் இதன் உயிர். வெட்டுக்குறியை மரச்சக்கரத்தின் வட்டையில், அதாவது மர வெளிவளையத்தில், சுண்ணக்கட்டியால் இட்ட கோட்டின்மேல் வைத்து, கருவியை வெளிவிளிம்பு முழுவதும் உருட்டி, எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்வார்கள். சக்கரத்தின் விட்டம் 130 சென்டிமீட்டர் என்றால் ஆறரைச் சுற்று வரும். அதே கருவியைப் பட்டாவின் உட்புறத்திலும் உருட்டி, உள்சுற்றளவு அதைவிடச் சற்றே குறைவாக வரும்படி பட்டாவை வளைத்து ஒட்டுவார்கள். அந்தச் சிறு குறைவில்தான் தொழிலின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பேன். நெருப்பில் ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போது, 4 மீட்டர் சுற்றளவுள்ள பட்டா 3 சென்டிமீட்டருக்கு மேல் நீள்கிறது. அந்தச் சூட்டிலேயே சக்கரத்தின்மேல் இறக்கி நீரூற்றினால், அது சுருங்கி, வட்டையையும் ஆரக்கால்களையும் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தோடு இறுக்கிவிடும். ஒப்பிட வேண்டியவை இரண்டே சுற்றளவுகள் என்பதால், அளவு எத்தனை சென்டிமீட்டர் என்று தெரியவேண்டிய தேவையே கொல்லருக்கு எழவில்லை.

துருவைக் கம்பித் தூரிகையாலோ அமிலத்தாலோ அகற்றாதீர்கள். பிடியில் செய்தவரின் முத்திரை இருந்தால் அதுவும் அழிந்துவிடும். எண்ணெய் தோய்த்த துணியால் மெல்லத் துடைத்தாலே போதும். பிற்காலத்தில் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவற்றில் விளிம்பை ஒட்டி அங்குல எண்கள் பொறிக்கப்பட்டிருப்பது உண்டு. உங்களுடையதில் அவை இல்லாததால், யாரோ ஒரு கொல்லர் தம் பட்டறையிலேயே தமக்கென்று செய்துகொண்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.