அந்த 12 வார்த்தைகளை எங்கே வைப்பது?

கேள்வி: எனக்கு வயது 41. மேலூரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் கிடந்த பிட்காயினை, இன்றைய விலைக்குச் சுமார் நான்கு லட்சம் இருக்கும், போன வருடம் செல்போனில் உள்ள வாலட் ஆப்புக்கு மாற்றினேன். அது கொடுத்த 12 ஆங்கில வார்த்தைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டில் கரையான் தொல்லை, காகிதத்தை நம்ப முடியவில்லை. ஆறு வார்த்தையை நான் வைத்துக்கொண்டு, மீதி ஆறை உசிலம்பட்டியில் இருக்கும் தம்பியிடம் கொடுக்கலாமா? மனைவிக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது.

பதில்: 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போன பிறகு, உங்களைப் போலப் பலர் காசைத் தங்கள் கைக்கே மாற்றிக்கொண்டார்கள். நல்லதுதான். ஆனால் எக்ஸ்சேஞ்ச் பார்த்த காவல் வேலையும் சேர்ந்தே உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

வீட்டுப் பத்திரம் தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்து, பேப்பரில் விளம்பரம் போட்டு, சார் பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கிவிடலாம். இதற்கு அப்படி ஓர் அலுவலகம் கிடையாது. காசை நகர்த்தும் ரகசியச் சாவிகள், அதாவது உங்கள் பிரைவேட் கீ எல்லாம், அந்த 12 வார்த்தைகளிலிருந்துதான் பிறக்கின்றன. போன் உடைந்தாலும் வார்த்தைகள் இருந்தால் காசு இருக்கும். வார்த்தைகள் அடுத்தவன் கைக்குப் போனால், போன் உங்கள் சட்டைப்பையில் இருக்கும்போதே காசு போய்விடும்.

அதனால் முதல் வேலை அந்த ஸ்கிரீன்ஷாட். அழித்தால் மட்டும் போதாது. கேலரியில் இருந்த படம் கூகுள் ஃபோட்டோஸுக்கும் போயிருக்கலாம், கேலரியைப் பார்க்க நீங்கள் அனுமதி கொடுத்த ஆப்களும் அதைத் தொட்டிருக்கலாம். அந்த வார்த்தைகள் கெட்டுவிட்டன என்றே வைத்துக்கொள்ளுங்கள். புது வாலட் தொடங்கி, புது வார்த்தைகள் வாங்கி, காசை அங்கே மாற்றுங்கள். நான்கு லட்சத்துக்கு ஒரு ஹார்டுவேர் வாலட், அதாவது சாவியைப் போனுக்கு வெளியே வைத்திருக்கும் தனிக் கருவி, வாங்குவது வீண்செலவு அல்ல. தயாரிப்பாளரிடமே நேரடியாக வாங்குங்கள், செகண்ட்ஹேண்ட் வேண்டாம். உங்கள் வாலட்டிலிருந்து உங்கள் வாலட்டுக்கே மாற்றுவது விற்பனை இல்லை, கிரிப்டோ லாபத்துக்கான 30 சதவீத வரி அதற்கு வராது. பிட்காயின் வாங்கிய ரசீதுகளை மட்டும் பத்திரப்படுத்துங்கள். விற்கும் நாளில் கழிக்க முடிவது வாங்கிய விலை ஒன்றைத்தான்.

ஆறு ஆறாகப் பிரிக்கும் யோசனையைக் கைவிடுங்கள். இரண்டில் எந்தச் சீட்டு தொலைந்தாலும் மொத்தமும் போச்சு. ஒரு சீட்டு கிடைத்தவனுக்கோ மீதியைக் கண்டுபிடிக்கும் வேலை பாதியாக அல்ல, கோடி கோடி மடங்கு குறைந்துவிடும். பிரிக்காமல், முழுசாக இரண்டு பிரதி எடுத்து இரண்டு ஊரில் வைப்பதே மேல்.

கரையான் பயம் நியாயமானது. ஸ்டெஃபான் தாமஸ் என்ற புரோகிராமரின் 7,002 பிட்காயின், கடவுச்சொல் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் தொலைந்ததால்தான் பூட்டிக் கிடக்கிறது. எவர்சில்வர் தகட்டில் வெட்டிவிடுங்கள். ஆனால் பாத்திரக் கடையில் பேர் வெட்டுபவரிடம் கொடுத்துவிடாதீர்கள்! லேமினேஷன் போட ஜெராக்ஸ் கடைக்கும் எடுத்துப் போக வேண்டாம். பேர் வெட்டும் மெஷினை ஒருநாள் இரவல் வாங்கி நீங்களே வெட்டுங்கள். வாலட்கள் வார்த்தை எடுக்கும் பொதுப் பட்டியலில் உள்ள 2,048 ஆங்கில வார்த்தைகளில் எந்த இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக வராது. அதனால் வார்த்தைக்கு நான்கு எழுத்து வெட்டினால் போதும். 1, 2, 3 என்று வரிசை எண் கட்டாயம். வரிசை மாறினால் வாலட் திறக்காது. ஒரு தகடு மதுரை வங்கி லாக்கரில், மனைவி பெயரும் சேர்ந்த லாக்கராகப் பார்த்து. இன்னொன்று தம்பி வீட்டுப் பீரோவில், ஒட்டி மூடிய உறையில். அதைப் பிரித்தால் முழுக் காசும் தம்பி கையில்தான். அந்த அளவுக்கு நம்பிக்கை இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

கடைசியாக உங்கள் மனைவி. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தக் கடைசி வரிதான். நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆனால் அந்தத் தகடு அவருக்கு வெறும் தகரம். புது வாலட்டில் முதலில் ஆயிரம் ரூபாய்க்கு மட்டும் பிட்காயினைப் போடுங்கள். பிறகு அந்தக் கருவியில் உள்ளதை முழுதாக அழித்துவிட்டு, தகட்டைப் பார்த்து அவர் கையாலேயே எல்லா வார்த்தைகளையும் போட்டுத் திறக்கச் சொல்லுங்கள். நடுவில் வாய் திறக்காதீர்கள். அவருக்கு அந்த ஆயிரம் ரூபாய் கண்ணில் பட்ட பிறகு மீதியை மாற்றுங்கள்.