தமிழ்நாட்டுக்குத் தனிக் கொடி உண்டா? அரசுச் சின்னத்தை விழா மலரில் அச்சிடலாமா?

கேள்வி: ஜூலை 18 அன்று எங்கள் மன்றத்தின் சார்பில் தமிழ்நாடு நாள் விழா எடுக்கிறோம். விழா மலரின் அட்டையில் மாநிலக் கொடியையும் அரசுச் சின்னத்தையும் அச்சிட்டு, உள்ளே அவற்றின் பொருளை விளக்க விரும்புகிறோம். எந்தக் கொடி சரியானது? சின்னத்தில் இருப்பது எந்தக் கோபுரம்? அனுமதி பெற வேண்டுமா?

பதில்: கொடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்கு அதிகாரப்பூர்வமான மாநிலக் கொடி கிடையாது. 1970-இல், முதலமைச்சர் மு. கருணாநிதி, தேசியக் கொடியும் கோபுரச் சின்னமும் இடம்பெற்ற ஒரு கொடி வடிவத்தை முன்வைத்தார். அது நடைமுறைக்கு வரவில்லை. இணையத்தில் ‘தமிழ்நாடு கொடி’ என்ற பெயரில் கிடைக்கும் படங்களை நம்பி அச்சிட்டுவிடாதீர்கள். வில், புலி, மீன் மூன்றும் சேர, சோழ, பாண்டியரின் இலச்சினைகள். அவற்றை அந்தப் பெயரிலேயே அச்சிடுவதில் பிழையில்லை. மாநிலக் கொடி என்று குறிப்பிடுவதுதான் பிழை.

அரசுச் சின்னம் 1949-இல் சென்னை மாகாணத்துக்காக உருவானது. வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். பின்னணியில் கோபுரம் உயர்ந்து நிற்க, அதன் முன்னே சாரநாத்தின் அசோகத் தூண் தலைப்பகுதியும், அதன் இருபுறமும் தேசியக் கொடியும், சுற்றிலும் ‘தமிழ்நாடு அரசு’, ‘வாய்மையே வெல்லும்’ என்ற எழுத்துகளும் அமைந்துள்ளன. சிங்கங்கள் நான்கு, முதுகோடு முதுகு சேர்ந்து நான்கு திசைகளையும் நோக்குவதால், படத்தில் மூன்று மட்டுமே தெரியும். அவற்றின் கீழே பீடத்தில் அறச்சக்கரம் இருக்கிறது. மலருக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பீடம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். தரம் குறைந்த படங்களில் முதலில் மங்கிப்போவது அதுதான். தூணும் கொடியும் இந்திய ஒன்றியத்தைக் குறிக்கின்றன. கோபுரம் இந்த மண்ணைக் குறிக்கிறது. மாநிலத்தின் தனி அடையாளமும் நாட்டின் இறையாண்மையும் ஒரே வட்டத்துக்குள் இவ்வளவு இயல்பாகப் பொருந்தியிருப்பதே, என் பார்வையில், இந்த வடிவமைப்பின் பெருஞ்சிறப்பு.

அது எந்தக் கோபுரம் என்பதில்தான் நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு. பதினொரு நிலைகள் கொண்ட ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் என்பதே பலரும் கேட்டுப் பழகிய விடை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தை மாதிரியாகக் கொண்டே வரைந்ததாக ஓவியரே கூறியிருக்கிறார். வரைந்தவரின் சொல்லுக்கு நான் கூடுதல் மதிப்பளிப்பேன். ஆயினும் உங்கள் கட்டுரையில் இரண்டையும் குறிப்பிடுவதே நேர்மையாகும். சின்னத்தில் கோயிலின் பெயரோ தெய்வத்தின் உருவமோ இல்லை. ஆகவே அந்தக் கோபுரத்தைத் தமிழகக் கட்டடக் கலையின் அடையாளமாகவே எழுதுங்கள்.

இனி அனுமதி. 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் முறையற்ற பயன்பாட்டுத் தடுப்புச் சட்டம், மாநில அரசுகளின் சின்னங்களை வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. சிங்கத் தூண் இந்திய அரசின் இலச்சினை என்பதால் 2005-ஆம் ஆண்டின் சட்டமும் பொருந்தும்: ஓர் ஆவணம் அரசுடையது என்ற தோற்றம் ஏற்படும்படி, அதையோ அதைப் போன்ற ஒன்றையோ முன் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் இரண்டாண்டு வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு மன்றத்தின் மலரில் அட்டையின் தலைப்பகுதியிலோ அழைப்பிதழிலோ கடிதத்தாளிலோ சின்னத்தைப் பொறித்தால், இது அரசு விழா என்றே வாசகர் எண்ணக்கூடும். அதனால் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவ்விடங்களில் அதைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே, சின்னத்தின் பொருளை விளக்கும் கட்டுரையில், எதன் படம் என்ற குறிப்புடன் அச்சிடுவது வேறு. அங்கே அந்தத் தோற்றம் எழாது. விளம்பரப் பக்கங்களுக்கு அருகில் மட்டும் அது வர வேண்டாம்.

அட்டைக்குச் செங்காந்தள் மலரையோ, பனைமரத்தையோ, வரையாட்டையோ, மரகதப் புறாவையோ வரையச் சொல்லுங்கள். இவையும் மாநில அடையாளங்களே. இவற்றை வரைவதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.