சேர் இடமாற்றம் போனாலும் அணி நிற்க வேண்டும்

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கிராமப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் உதைபந்தாட்ட அணி வலய மட்டத்தில் வென்றது. அந்தப் பெடியள் சாதாரண தரத்தோடு போய்விட்டார்கள். பயிற்றுவித்த ஆசிரியரும் இடமாற்றம் பெற்றுப் போனார். இப்போது பதினொரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. எங்கே தொடங்குவது?

பதில்: அந்த அணி ஒரு சேரையும் ஒரு வகுப்பையும் நம்பி நின்றிருக்கிறது. இரண்டும் ஒன்றாகப் போனதும் கோல் கம்பம்தான் மிச்சம். நீங்களும் ஒருநாள் இடமாற்றம் கேட்பீர்கள், அதில் பிழையில்லை. அதனால் உங்களுக்கு அடுத்த ஆளை இப்போதே தேடுங்கள். வென்ற அணியில் விளையாடிய யாராவது ஊரிலேயே தோட்டமோ மேசன் வேலையோ செய்துகொண்டிருப்பார். அதிபரின் எழுத்து அனுமதியோடு அவரை உதவிக்குக் கூப்பிடுங்கள். பயிற்சி நேரத்தில் ஆசிரியர் ஒருவரும் மைதானத்தில் நிற்க வேண்டும்.

இந்த வருடக் கிண்ணத்தை விட்டுவிடுங்கள். தரம் 6, 7 பிள்ளைகளைப் பிடியுங்கள். அவர்கள் உங்களிடம் நாலைந்து வருடம் இருப்பார்கள். பெண் பிள்ளைகளையும் அன்றே சேருங்கள். சின்னவர்களை முழு மைதானத்தில் பதினொருவராக விட்டால் கெட்டிக்காரன் இரண்டு பேர் பந்தோடு ஓடுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கல்லை வைத்துச் சின்னக் கோல் அமைத்து நாலுக்கு நாலு விளையாட விடுங்கள். எல்லாக் காலிலும் பந்து படும். 12 வயது வரைக்கும் 4ஆம் இலக்கப் பந்து போதும். 5ஆம் இலக்கப் பந்து 410 முதல் 450 கிராம் வரை இருக்கும், அது பெரியவர்களுக்கானது.

நேரம்தான் வன்னியில் பெரிய சிக்கல். பாடசாலை 1.30க்கு விடும்போது வெயில் மண்டையைப் பிளக்கும். பின்னேரம் வைத்தால் கடைசி பஸ் போய்விடும், சில பாதைகளில் யானையும் நிற்கும். கிழமை நாளில் ஒருமுறை காலையில் முக்கால் மணி நேரம், சனிக்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம் போதும். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை இருக்கும், கேட்டால் சொல்லாது. அவித்த கடலையோ பயறோ எல்லோருக்கும் பொதுவாகக் கொடுங்கள். ஒக்டோபர் தொடக்கம் மழையில் மைதானம் சேறாகும். அந்த மாதங்களில் மண்டபத்தில் பந்துக் கட்டுப்பாடு பழக்கலாம், கோலடியில் அறுகம்புல்லும் நடலாம். கோடையில் நிலம் கல்லாக இறுகி முழங்காலைப் பதம் பார்க்கும். 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஃபிஃபாவின் '11+' சூடாக்கல் பயிற்சியைப் பழக்குங்கள். அதற்கு 20 நிமிடம் போதும், கிழமைக்கு இரண்டு தரமாவது செய்தால் காயம் குறையும். பந்து காட்டுக்குள் போனால், கண்ணிவெடி அகற்றி முடிந்த காணி என்று உறுதியாகத் தெரியாத பக்கம் யாரையும் விடாதீர்கள்.

வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் உதவக் கேட்டால் முதலில் பெயர் பொறித்த ஜேர்சிதான் அனுப்பப் பார்ப்பார்கள். படத்துக்கு நல்லது, விளையாட்டுக்கு அவ்வளவு உதவாது. பந்து, வலை, போட்டிக்குப் போகும் வாகனக் கூலி என்று கேளுங்கள். காசு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கினூடாக வரட்டும். சப்பாத்து சிறுத்துப்போனவர் அதைப் பாடசாலையின் பொது அலுமாரியில் திருப்பி வைக்க வேண்டும், அடுத்தவர் எடுப்பார். பாதிப் பேருக்குச் சப்பாத்து இல்லாத நாளில் எல்லோரும் வெறுங்காலோடு விளையாடட்டும். இல்லாவிட்டால் மிதிபடுவது இல்லாதவன் கால்தான்.

சாதாரண தரம் எடுக்கும் பிள்ளையைப் பெற்றோர் நிறுத்துவார்கள். சண்டை பிடிக்காதீர்கள். சோதனைக்கு முந்திய மாதங்களில் சனிக்கிழமை மட்டும் வரட்டும் என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு தம்பிமாரை அனுப்பவும் மறுக்கமாட்டார்கள்.

கடைசியாக ஒரு சி.ஆர். கொப்பி, அதாவது தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி. பெயர், பிறந்த திகதி, வரவு, காயம், விளையாடும் இடம் எல்லாம் அதில் இருக்கட்டும். வயதுப் பிரிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். இடப்பெயர்வில் தொலைத்த வீடுகள் அநேகம். பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கப் போட்டிக்கு முதல் நாள் அலையாமல் இப்போதே சொல்லிவையுங்கள். கொப்பியைச் சப்பாத்து அலுமாரியில் வையுங்கள். திறப்பு இரண்டு வெட்டுங்கள்: ஒன்று உங்களிடம், மற்றது அந்தப் பழைய மாணவரிடம்.