பழைய கம்ப்யூட்டர் இதழ்கள்: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' 1975 ஜனவரி இதழ் இணைய ஏலத்துக்கு வந்திருக்கிறது. "உலகின் முதல் கம்ப்யூட்டர் இதழ், மிக அரிது" என்று போட்டிருக்கிறார்கள். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வாங்கலாமா?

அது கம்ப்யூட்டர் இதழே அல்ல. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் என்று வீட்டிலேயே சாதனங்கள் செய்து பார்ப்பவர்களுக்காக வந்த மின்னணு இதழ். ஆனால் அந்த மாத அட்டையில், வீட்டிலேயே பூட்டிக்கொள்ளக்கூடிய ஆல்டேர் 8800 என்ற கணினி இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான், பின்னாளில் மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய பில் கேட்ஸும் பால் ஆலனும் அந்தக் கணினிக்கு பேசிக் என்ற புரோகிராம் மொழியை எழுதக் கிளம்பினார்கள். ஆகவே அந்த இதழுக்கு மவுசு இருப்பது நியாயம்தான். "மிக அரிது" என்பதை மட்டும் நம்பாதீர்கள். பெரிய அளவில் விற்ற இதழ் அது. தேடினால் கிடைக்கும், நல்ல நிலையில் கிடைப்பதுதான் கஷ்டம்.

விற்பவர் கேட்கும் விலையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகக் காட்டும் வசதி பெரிய ஏலத் தளங்களில் உண்டு. ஒருவர் உண்மையில் கொடுத்த விலை அங்கேதான் தெரியும். அதே நிலையில் உள்ள நாலைந்து பிரதிகளின் விலையைப் பார்த்துவிட்டு ஏலம் கேளுங்கள்.

அட்டையைக் கிட்டத்தில் எடுத்த படமும் கேட்டு வாங்குங்கள். அக்கால அச்சில் நிறங்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாக, ஒழுங்கான வரிசையில் விழுந்திருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் குட்டிப் பூக்கள் அடுக்கியதுபோலத் தெரியும். ஸ்கேன் செய்து வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்த மாற்று அட்டை என்றால் மை தாறுமாறாகத் தூவியிருக்கும்.

இன்னொன்று: ஆல்டேர் கட்டுரை அந்த இதழோடு முடியவில்லை, இரண்டாம் பகுதி பிப்ரவரி இதழில் இருக்கிறது. படிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதையும் சேர்த்துத் தேடுங்கள்.

கேள்வி: ஒரு நூலகம் கழித்துவிட்ட 'பைட்' இதழ்த் தொகுப்பு, கெட்டி அட்டை போட்டு பைண்ட் செய்தது, உதிரி இதழ்களை விட மிகக் குறைந்த விலைக்கு வருகிறது. லாபம்தானே?

விலை ஏன் குறைவு என்பதை முதலில் கேளுங்கள். பல நூலகங்கள் பைண்ட் செய்யும்போது இதழின் அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கழற்றி எறிந்துவிடும். இடம் மிச்சம், தையலும் எளிது. ஓரங்களைச் சமமாக வெட்டுவதும் உண்டு. உள்பக்க ஓரம் தையலுக்குள் போய்விட்டால், வாசகர்கள் தட்டச்சு செய்து பார்க்க அச்சிட்ட புரோகிராம் வரிகளின் முதல் எழுத்துகள் தெரியாது.

'பைட்' விஷயத்தில் இது பெரிய இழப்பு. 1975 செப்டம்பரில் தொடங்கி 1998 ஜூலை வரை வந்த இதழ் அது. 1980-களில் சில இதழ்கள் 500 பக்கத்தைத் தாண்டின, அதில் பெரும் பங்கு விளம்பரம். என் கணக்கில் அந்த விளம்பரங்கள்தான் உயிர். மெமரி போர்டு என்ன விலைக்கு விற்றது, எந்தக் கம்பெனி எந்த மாதம் காணாமல் போனது என்பதெல்லாம் கட்டுரைகளில் வராது. அட்டைகளிலோ பல, ஓவியர் ராபர்ட் டின்னி வரைந்தவை. ஸ்மால்டாக் என்ற புரோகிராம் மொழிக்காக வந்த 1981 ஆகஸ்ட் சிறப்பிதழின் பலூன் ஓவியம் இல்லாத தொகுப்பை முழுத் தொகுப்பு என்று நான் ஏற்க மாட்டேன்.

ஏதாவது ஓர் இதழின் முதல் பத்துப் பக்கங்களையும் கடைசிப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்க எண்கள் தாவினால் விளம்பரம் போய்விட்டது என்று அர்த்தம். கட்டுரைகள் மட்டும் போதும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். எடை அதிகம், தபால் செலவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவை இணைய ஆவணக் காப்பகத்தில் (archive.org) இலவசமாகவே கிடைக்கின்றனவே, காசு கொடுத்து வாங்குவானேன்?

எல்லா இதழ்களும் அங்கே இல்லை, ஆனால் நிறைய இருக்கின்றன. முதலில் அங்கே படியுங்கள். எந்த இதழைக் கையில் வைத்துப் புரட்ட ஆசை வருகிறதோ அதை மட்டும் வாங்குங்கள். "முழு ஆண்டும் வேண்டும்" என்று ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் பெட்டியைப் பிரிக்கக்கூட மாட்டார்கள்.

கேள்வி: "நல்ல நிலை" என்று சொல்லி விற்ற இதழில் பூசண வாடை அடிக்கிறது, ஒரு பக்கத்தில் கூப்பனை வெட்டி எடுத்திருக்கிறார்கள். "நாற்பது வருஷப் பழசு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் விற்றவர். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கேளுங்கள், தயங்க வேண்டாம். வயதால் வருவது வேறு, வெட்டுவதால் வருவது வேறு. தாள் பழுப்பது, முதுகுப் பசை காய்ந்து விரிவது, அட்டையில் சந்தாதாரர் முகவரிச் சீட்டு ஒட்டியிருப்பது எல்லாம் சகஜம். புரோகிராம் பக்கத்தில் வரிக்கு வரி பென்சில் டிக் இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். யாரோ உட்கார்ந்து அத்தனையையும் தட்டச்சு செய்து பார்த்திருக்கிறார். கூப்பனை வெட்டினால் பின்பக்கக் கட்டுரையும் சேர்ந்து போகிறது. அதைச் சொல்லாமல் விற்றது தவறு.

வெட்டின பக்கத்தின் இரு புறத்தையும் படமெடுத்து, விற்பனைக் குறிப்பின் நகலோடு தளத்தின் வழியாகவே புகார் கொடுங்கள். தனி மின்னஞ்சலில் பேரம் பேச இறங்கினால் தளத்தின் பாதுகாப்பு போய்விடும். வாடைக்குப் படம் சாட்சி ஆகாது. பூசணப் புள்ளிகள் இருந்தால் அவற்றைக் காட்டுங்கள். அதுவரை அந்த இதழை மற்றவற்றோடு வைக்காமல் தனிப் பையில் வையுங்கள், பூசணம் பரவும்.

அடுத்த முறை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்: வெட்டிய பக்கம் உண்டா, நனைந்திருக்கிறதா, கூட வந்த இணைப்பு இருக்கிறதா? 1977 மே 'இன்டர்ஃபேஸ் ஏஜ்' இதழோடு பேசிக் மொழியை ஒலியாகப் பதிந்த மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டு ஒன்று வந்தது. அது இல்லாத பிரதியை முழு விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள்.