"இத்தனை டன் அள்ளினோம்" என்றால் எதை அள்ளினார்கள்?

கேள்வி: 2017-ல் எண்ணூர் கடலில் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். "இத்தனை டன் அகற்றிவிட்டோம்" என்று அறிவிப்பும் வந்தது. மறுபடி இப்படி நடந்தால் அந்தக் கணக்கை எப்படி நம்புவது?

பதில்: கணக்கு பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எடை போடுவது எண்ணெயை அல்ல, கசடை.

அந்த ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கொட்டியது கனமான எரிஎண்ணெய். அலையில் அடிபட அடிபட அது தண்ணீரைக் குடித்துத் தார்க்குழம்பு போல ஆகிவிடும். அதில் முக்கால் பங்கு வரை தண்ணீரே இருக்கலாம். போதாததற்கு மணல் வேறு. கசடை உறிஞ்சும் சூப்பர் சக்கர் லாரிகளின் குழாய்கள் திணறியதும், கடைசியில் கரைக் கற்களின் மேல் ஆட்கள் வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றியதும் இதனால்தான். வாளியைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அதன் மேல் கோபமில்லை. எண்ணெயைக் கரை வரை வரவிட்டதுதான் குறை.

எனவே இரண்டு எண்களைக் கேளுங்கள்: கொட்டியது எவ்வளவு? அள்ளியதில் நீரும் மணலும் போக எண்ணெய் எவ்வளவு? எண்ணூரில் முதல் எண்ணே தகராறு. பெரிய பாதிப்பில்லை என்றுதான் ஆரம்பத்தில் சொன்னார்கள். பிறகு மதிப்பீடு 200 டன்னை ஒட்டி வந்தது.

நவீனக் கருவி இருந்தால் முழுதும் எடுத்துவிடலாமா என்றால், அதுவும் இல்லை. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் விபத்தில் ஆயிரக்கணக்கான படகுகள் இறங்கின. அமெரிக்க அரசின் கணக்குப்படியே கடல் மேல் வழித்தெடுத்தது சுமார் 3 சதவீதம், எரித்தது 5 சதவீதம். மிதவைத் தடுப்பு போட்டாலும், நீரோட்டம் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டரை எட்டினாலே எண்ணெய் அடியில் நழுவிவிடும்.

சரி, நீங்களே பார்க்க ஒரு வழி. நீர் வற்றும் நேரத்தில் கையுறை போட்டுக்கொண்டு மணலில் முழங்கை ஆழம் தோண்டுங்கள். ஊறும் நீரில் வானவில் நிறமோ பழுப்புத் திட்டோ தெரிந்தால் வேலை முடியவில்லை. கல் இடுக்குகளை மதிய வெயிலில் பாருங்கள். எண்ணெய் மிச்சமிருந்தால் சூட்டில் இளகி வழியும். தேதியோடு படமெடுத்து மாவட்ட நிர்வாகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்கள். கடலில் படலம் கண்டால் கடலோரக் காவல் படைக்கு, 1554.

அப்புறம், அள்ளிய கசடு எங்கே போனது, எப்படிச் சுத்திகரித்தார்கள் என்று ஒரு ஆர்.டி.ஐ. போட்டு வையுங்கள்.