முதலிடம் இருக்கட்டும், முதுகைப் பாருங்கள்

கேள்வி: டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் வெளியிடும் கம்பெனிகளில் இப்போது யார் முதலிடம்? யாருடைய புத்தகம் தரமாக இருக்கும்? முதல் புத்தகம் வாங்கப் போகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் இது. அதன் விதிகள் இருப்பதுதான் இந்தப் புத்தகம். முதல் புத்தகம் என்கிறீர்கள். அப்படியென்றால் யாரோ ஆடுவதை யூடியூபில் பார்த்து ஆசை வந்திருக்கிறது. புத்தகத்தைக் கார்ட்டில் போட்டுவிட்டு, தினமும் போய் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

முதலிடம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்துக்குத்தான். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கியது. அன்று வெளியிட்டது டி.எஸ்.ஆர். என்ற கம்பெனி. இன்று விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கையில் இருக்கிறது, அவர்களுக்கு மேல் முதலாளி ஹாஸ்ப்ரோ. ஆனால் அந்த நாற்காலி ஒன்றும் கல்லில் செதுக்கியது கிடையாது. 2011 வாக்கில், கடைக்காரர்களிடம் விசாரித்துப் போடும் விற்பனைப் பட்டியலில் பைசோ என்ற கம்பெனியின் பாத்ஃபைண்டர் ஆட்டம் அதை முந்திவிட்டது. 2014-ல் ஐந்தாம் பதிப்பு வந்த பிறகுதான் டிராகன்காரர்கள் மேலே ஏறினார்கள். 2023 ஜனவரியில், தங்கள் விதிகளைப் பயன்படுத்த மற்ற வெளியீட்டாளர்களுக்குக் கொடுத்திருந்த உரிமத்தில் கை வைக்கப் பார்த்தார்கள். ஆடுகிறவர்கள் கொந்தளித்ததும் பின்வாங்கி, அடிப்படை விதிகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். அந்தக் களேபரத்தில், எட்டு மாதத்துக்கென்று வைத்திருந்த பாத்ஃபைண்டர் புத்தகம் இரண்டே வாரத்தில் தீர்ந்ததாக பைசோ சொன்னது.

டி.எஸ்.ஆர். கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 1997-ல் அது விலைபோனதற்கு ஒரு காரணம், அச்சகத்துக்கு வைத்த கடன் பாக்கி. பணம் வராததால் அச்சகம் கையை விரித்துவிட்டது. இதை அப்பாவிடம் சொன்னேன். "அச்சாபீஸ்காரனுக்குப் பாக்கி வச்சவன் எந்த ஊர்ல உருப்பட்டிருக்கான்?" என்றார்.

அப்பா காரைக்குடியில் பைண்டிங் கடை வைத்திருக்கிறார். பைண்டிங் கடைக்காரன் மகன் பைண்டிங்கைப் பற்றித்தான் பேசுவான் என்று கமென்டில் வருவீர்கள். வாருங்கள், அது உண்மைதான்.

நாங்கள் ஐந்து பேர் கானாடுகாத்தானில் ஒரு நண்பனின் ஐயா வீட்டில் ஆடுகிறோம். போர்க்களக் கட்டம் போட்ட விரிப்பு வாங்கக் காசில்லாத காலம். முகப்பில் பதித்திருந்த ஆத்தங்குடிக் கல்லையே கட்டமாக வைத்துக்கொண்டோம். ஆட்டக் கணக்கில் ஒரு கல் ஐந்தடி. மே மாதத்தில்கூட உட்காரக் குளுகுளுவென்று இருக்கும். இருபது பக்கப் பகடையை நண்பனின் அப்பத்தா கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தாயக்கட்டைன்னா நாலு பக்கம். இது என்னடா நெருஞ்சி முள்ளு மாதிரி?" என்று கேட்டார். இன்றுவரை எங்களைச் சூதாடிகள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மூன்று பேர் காசு சேர்த்து வாங்கிய தடிமனான புத்தகம், ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு பக்கம் கழன்றது. எட்டாவது ஆட்டத்தில் பத்துப் பதினைந்து பக்கம். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், மேலே சொன்ன பெயர்களை வைத்து ஊகிக்கவும் வேண்டாம். எனக்கு வந்த பிரதி மட்டும் மோசமாக இருந்திருக்கலாம். அப்பாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, புத்தக முதுகின் மேல் விளிம்பைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். நகத்தால் லேசாகச் சுரண்டினார். பசை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"தையலே இல்லையேப்பா. ஒத்தை ஒத்தைத் தாளா வெட்டி, பசையை உருக்கி ஊத்தி நிக்க வச்சிருக்கான். ஆர்ட் பேப்பர் கனத்துக்கு இது தாங்குமா?"

முன்பென்றால் "ரெண்டு வாரம் கழிச்சு வா" என்று மகனையே திருப்பி அனுப்பக்கூடிய மனிதர். இப்போது அன்றே கையில் எடுத்தார், ஏனென்றால் வேலை இல்லை. ஒரு காலத்தில் ஏப்ரல், மே வந்தால் ஆய்வேடு பைண்டிங்குக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். கறுப்பு ரெக்சின், தங்க எழுத்து, ஆளுக்கு நான்கு பிரதி. இப்போது பி.டி.எஃப். போதும் என்கிறார்கள். காகிதம் மிச்சமாம், சுற்றுச்சூழலாம். அதே இடத்தில் விழாவுக்கு மட்டும் பத்தடிக்குப் பத்தடி ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். சரி, இதை இங்கே யார் கேட்டார்கள்.

பழைய பசையைச் சுரண்டி எடுத்து, முதுகை அரத்தால் கீறி, ஓரமாகத் துளை போட்டுத் தைத்தார். கிழிந்த அட்டைக்கு மயில்துத்தம் கலந்த மைதா பசை, மேலே பேரேட்டுக்குப் போடும் சிவப்புக் காலிகோ துணி. அடுத்த முறை கொண்டுபோனபோது அப்பத்தா, "வட்டிக் கணக்கா?" என்றார். திறந்து காட்டினேன், உள்ளே டிராகன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலிடத்தால் வாங்குகிறவனுக்கு ஒரே லாபம், அந்த ஆட்டம் ஏற்கெனவே தெரிந்த ஆள் கிடைப்பான். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தால் அது பெரிய விஷயம். காரைக்குடியில் மற்ற நான்கு பேருக்கும் நானேதான் சொல்லிக்கொடுத்தேன், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அதே பாடுதான். விதிகளை முதலில் இலவசமாகப் படியுங்கள். டிராகன்ஸ், பாத்ஃபைண்டர் இரண்டுக்குமே அடிப்படை விதிகள் இணையத்தில் சட்டப்படியே கிடைக்கின்றன. பேய்க்கதை மாதிரி வேண்டுமென்றால் கேயாசியம் என்ற கம்பெனி 1981 முதல் வெளியிட்டுவரும் கால் ஆஃப் கதூலு இருக்கிறது. அச்சு, ஓவியம், கட்டமைப்பு என்று பேச்சு வந்தால் ஸ்வீடன்காரர்களான ஃப்ரீ லீக் கம்பெனியின் பெயரைத்தான் அதிகம் சொல்கிறார்கள். அது நியாயமான பெயர்தான் என்பது என் கட்சி.

எதை வாங்கினாலும், வந்த அன்றே முதுகை மேலிருந்து பாருங்கள். ஃபாரம் ஃபாரமாக, அதாவது பல பக்கம் அச்சான பெரிய தாளை மடித்து மடித்துத் தைத்திருந்தால் மடிப்புகள் தனித்தனியாகத் தெரியும். மடிப்பின் நடுவில் விரித்தால் நூல் கண்ணில் படும். படவில்லை என்றால், திருப்பி அனுப்பத் தேதி இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள்.

தேதி தாண்டிவிட்டால் நல்ல பைண்டரிடம் போங்கள், நீங்களே ஃபெவிக்விக் ஊற்ற வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைபடம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்தேன். ஓரத்தையலில் அரை அங்குலம் உள்ளே போனதில், எங்கள் வரைபடத்தின் நடுவே இருந்த பாலம் காணாமல் போய்விட்டது. இரண்டு வருடமாக அந்த ஆற்றை நீந்தித்தான் கடக்கிறோம்.